‘மரமை’ என்று எழுதிய நாள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் தாவரவியல் ஆசிரியராக இருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, பதினொன்றாம் வகுப்பில், ஒவ்வோர் உயிரினத்துக்கும் இரண்டு லத்தீன் சொற்களால் பெயர் வைக்கும் இருசொற் பெயரிடுமுறையை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “சார், நெல்லுக்கு ஒரைசா சட்டைவான்னு இருக்குது. பட்டாணிக்குப் பைசம் சட்டைவம். முள்ளங்கிக்கு ரஃபானஸ் சட்டைவஸ். ஒரே வார்த்தை ஏன் சார் மூணு விதமா முடியுது?” என்று கேட்டாள். இந்த மூன்று பெயர்களையும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். எழுத்துப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்தும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. “அது லத்தீன்மா, அப்படித்தான் வரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். அவள் உட்கார்ந்த விதத்திலேயே, சாருக்குத் தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அன்று மாலையே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு லத்தீன் இலக்கண நூலைத் தருவிக்கச் சொல்லிப் பணம் கட்டினேன். நூல் வந்தது, மூன்று மாதம் அதனோடு மல்லுக்கட்டினேன். ஒரு பெயர்ச்சொல் வாக்கியத்தில் தான் செய்யும் வேலைக்கேற்பத் தன் ஈற்றை மாற்றிக்கொள்ளும் என்ற ஒரு செய்தியை, ஆங்கிலம் மட்டுமே அறிந்த வாசகனை நம்பவைப்பதற்காக, அந்த நூல் இரண்டு அதிகாரங்களைச் செலவழித்திருந்தது. எனக்குச் சொல்லாமலே விளங்கியிருக்க வேண்டிய செய்தி அது. ஆனால் நானும் ஆங்கிலத்தின் வழியாகவே யோசித்துக்கொண்டிருந்ததால், ஆங்கிலேயன் தடுமாறிய இடங்களிலெல்லாம் கடமையாகத் தடுமாறினேன். பிறகு இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். அது ஆறாவது வாரம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. கட்டிய பணத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பர்கூர் சாலையில், எலத்தகிரிப் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கிறார். உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர், மாம்பழக் காலத்தில் பை நிறைய செந்தூரா கொண்டுவந்து அனைவருக்கும் கொடுத்த நாளில், பேச்சுவாக்கில், “எங்க பெரியப்பாவுக்கு லத்தீன் தெரியும் சார், சும்மாதான் இருக்கிறாரு” என்றார். அப்படிக் கிடைத்தவர். ஐயா என்றே நான் அழைக்கிறேன். அவர் என்னைத் தம்பி என்கிறார்.

அவர் 1957-இல், பதின்மூன்று வயதில், கத்தோலிக்கக் குருவாவதற்குச் சிறுவர்களைப் பயிற்றும் இளங்குருமடத்தில் சேர்ந்தவர். அன்று இந்தப் பகுதி முழுவதும் சேலம் மறைமாவட்டத்தில் இருந்தது. தருமபுரி மறைமாவட்டம் 1997-இல்தான் தனியாயிற்று. குருமடத்தில் காலையும் மாலையும் லத்தீன். அதற்கும் முன்பே, பீடச்சிறுவனாக இருந்தபோதே, பொருள் தெரியாமல் முழுத் திருப்பலியின் மறுமொழிகளையும் மனப்பாடமாகச் சொல்லுவாராம். மெய்யியல் பாடம் தொடங்கியபோது அதன் நூல்களும் லத்தீனில். அவர் ஒருவாறு, பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவை அகராதி இல்லாமல் படிக்கக்கூடிய நிலைக்கு வந்த வேளையில், 1962 முதல் 1965 வரை ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைத் தாய்மொழிகளில் நடத்த வழி திறந்துவிட்டது. “நான் கத்து முடிக்கிறதுக்குள்ள மொழிக்கு வேலை போயிடுச்சு” என்று அதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவார். 1966-இல் குருமடத்தைவிட்டு வெளியேறி, ஆசிரியர் பயிற்சி முடித்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்று, இப்போது எண்பதைத் தொட்டுவிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவரிடம் யாரும் லத்தீன் கேட்டதில்லை.

முதல் சனிக்கிழமை, என் ஆங்கில நூலை வாங்கி ஒரு நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் கவிழ்த்து வைத்தார். “நன்னூல்ல வேற்றுமை சொல்லுங்க, கேப்போம்” என்றார். எனக்கு வியர்த்தது. பத்தாம் வகுப்போடு தமிழ் இலக்கணத்துக்கு விடை கொடுத்தவன் நான். அவரே சொன்னார்: “பெயரே ஐஆல் குஇன் அதுகண், விளிஎன் றாகும் அவற்றின் பெயர்முறை.” எழுவாய் தொடங்கி விளி ஈறாக எட்டு. லத்தீனில் ஆறு. “எட்டு தெரிஞ்சவனுக்கு ஆறு என்ன பாடு? போய்ப் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் படிச்சிட்டு அடுத்த வாரம் வாங்க” என்று அனுப்பிவிட்டார். அன்றைய வகுப்பு இருபது நிமிடம். கேழ்வரகுக் கூழும் கருவாட்டுத் தொக்கும் சாப்பிட்டதையும் சேர்த்தால் ஒரு மணி நேரம்.

அடுத்த வாரம் காடு என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். லத்தீனில் ஸில்வ. ‘ஸில்வ’ என்றால் காடு, ‘ஸில்வம்’ காட்டை, ‘ஸில்வே’ காட்டுக்கு, அதுவே காட்டினுடைய என்றும் வரும், ‘ஸில்வா’ என்று ஈற்றை நீட்டினால் ஆறாவது வேற்றுமை. அந்த ஆறாவதுக்கு அப்லாத்தீவுஸ் என்று பெயர். ஆங்கில நூலில் என்னை மூச்சுமுட்ட வைத்தது அதுதான். ஏனென்றால் அந்த ஒரு வேற்றுமைக்கு அங்கே இருபதுக்கும் மேற்பட்ட பயன்பாடுகளை வரிசையாகப் பெயரிட்டு அடுக்கியிருந்தார்கள். ஐயா அதை மூன்றாகச் சுருக்கினார். நம்முடைய மூன்றாம் வேற்றுமை (ஆல், ஓடு), ஐந்தாம் வேற்றுமை (நீங்கல்), ஏழாம் வேற்றுமை (இடம்) ஆகிய மூன்றும் தனித்தனியாக இருந்து, லத்தீனில் காலப்போக்கில் ஒரே வீட்டில் குடியேறிவிட்டன என்றார். வரலாற்று மொழியியலும் அதையேதான் சொல்கிறது என்பதைப் பிறகு படித்தேன். எனவே அப்லாத்தீவுஸ் வந்தால் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது ‘ஆல்’-ஆ, ‘இருந்து’-ஆ, ‘இல்’-ஆ? பெரும்பாலும் முன்னால் நிற்கும் சிறு சொல்லே விடை சொல்லிவிடும். ‘இன் ஸில்வா’ என்றால் காட்டில். ‘ஏ ஸில்வா’ என்றால் காட்டிலிருந்து. அதே ‘இன்’ முன்னால் நிற்க, சொல் இரண்டாம் வேற்றுமையில் ‘இன் ஸில்வம்’ என்று வந்தால், காட்டுக்குள் போகிறான் என்று பொருள்.

நமக்கும் இந்தக் கலப்பு புதிதல்ல என்பதைக் காட்டக் குறளை எடுத்தார். “தலையின் இழிந்த மயிரனையர்” என்னும்போது ‘இன்’ நீங்கல். இன்றைய பேச்சில் ‘இல்’ என்பது இடத்துக்கும் வருகிறது. ‘மலையில் வீழ் அருவி’ என்றால் நீங்கலுக்கும் வருகிறது. கேட்பவர் சூழலைக் கொண்டு பிரித்துக்கொள்கிறார். “நாம ரெண்டைக் கலந்தோம், அவன் மூணைக் கலந்தான், அவ்வளவுதான்.”

‘ஸில்வா’வில் ஈறு நீளும் என்றேன் அல்லவா, அதில் ஒரு சிக்கல் உண்டு. ரோமானிய எழுத்தில் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. பாடநூல்கள் நெடிலின் தலையில் ஒரு கோடு போட்டுக் காட்டும்; பழைய ஏடுகளிலும் அச்சு நூல்களிலும் பெரும்பாலும் அது இராது. ஐயா என்னைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னார். முதலில் அது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. பிறகு ஒரு நாள் இரண்டு சொற்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார்: வெனித், வேனித். முதலாவது ‘வருகிறான்’, இரண்டாவது ‘வந்தான்’. ரோமானிய எழுத்தில் இரண்டும் ஒரே ஐந்து எழுத்துகள். தமிழில் எகரம் ஏகாரமானதும் காலமே மாறியது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் அவர் வீரமாமுனிவரைப் பற்றிச் சொன்னார். எகர ஒகரக் குறில்களையும் நெடில்களையும் இன்று நாம் எழுதும் முறையில் பிரித்துக் காட்டிய சீர்திருத்தம் அவருடையது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த இத்தாலியருக்கு லத்தீன் தாய்ப்பால் போல. ‘வெனித்–வேனித்’ குழப்பத்தைத் தன் மொழியில் பார்த்துச் சலித்தவர் தமிழிலாவது அதைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்திருப்பார் என்பது ஐயாவின் ஊகம். ஊகம்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த ஊகம். வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே லத்தீனில் இலக்கணம் எழுதினார். முன்னது தரங்கம்பாடியில் அச்சாயிற்று. லத்தீன் தெரிந்த பாதிரிமாருக்கு அதன் வழியே தமிழ் சொல்லிக்கொடுக்க எழுதிய நூல்கள் அவை. மாமரத்தடியில் நாங்கள் அதே பாதையில் எதிர்த்திசையாக நடந்துகொண்டிருந்தோம்.

மூன்றாவது மாதத்தில் நான் எழுதிய ஒரு சொல்லைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொட்டை என்பதற்கு லத்தீனில் ‘நுக்ஸ்’. “சிறுவன் கொட்டையைத் தின்கிறான்” என்று மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தார். இந்த வகைச் சொற்களுக்கு இரண்டாம் வேற்றுமை ஈறு ‘எம்’ என்பது எனக்குத் தெரியும். எனவே ‘நுக்ஸெம்’ என்று தைரியமாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். நோட்டைக் கையில் வாங்கியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “தம்பி, மரத்தை வெட்டினான்னு சொல்றோம். ‘மரமை வெட்டினான்’னு எந்தப் புள்ளையாவது சொல்லுமா?”

சொல்லாது. மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. ‘மரம்’ எழுவாயில் மட்டுமே மரம். உருபு ஏறப்போகிறது என்றவுடன் அது ‘மரத்து’ என்று ஆகிவிடுகிறது. நாடு நாட்டு ஆகிறது, ஆறு ஆற்று ஆகிறது. சாரியை என்றும் இரட்டித்தல் என்றும் நன்னூல் இவற்றுக்குக் காரணம் சொல்லும். ஆங்கில நூல் இதே செய்தியை லத்தீனின் மூன்றாம் வாய்பாட்டுக்கு (பெயர்ச்சொற்களை ஈறுகளின்படி பிரித்த ஐந்து வகைகளில் மூன்றாவது) சொல்லத்தான் பதினைந்து பக்கம் எழுதி, ‘ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வடிவங்களை மனப்பாடம் செய்க’ என்று முடித்திருந்தது. நான் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டிருந்தேன். ‘நுக்ஸ்’ என்பது நம் ‘மரம்’ போல. ‘நுசிஸ்’ (கொட்டையினது) என்பது ‘மரத்தினது’ போல. அந்த ‘நுச்’தான் உருபேற்கும் அடி, ஆகவே ‘நுசெம்’. அரசன் ‘ரேக்ஸ்’, அரசனது ‘ரேஜிஸ்’. உடல் ‘கொர்புஸ்’, உடலினது ‘கொர்பொரிஸ்’. வழி ‘இதெர்’, வழியினது ‘இதினெரிஸ்’. இதைப் பார்த்துவிட்டு ‘ஆறு–ஆற்று’ எவ்வளவோ மேல் என்று தோன்றியது. எழுவாயைப் பார்த்து அடியைச் சொல்ல முடியாது, அடியைப் பார்த்தால் சொல் முழுவதும் கைக்குள் வந்துவிடும் என்பதால், அன்று முதல் எந்த அகராதியிலும் அடியைத்தான் முதலில் தேடுகிறேன்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் கந்திகுப்பம் தாண்டும்போது சட்டென்று நினைவுக்கு வந்தது: கோகஸ் நியூசிஃபெரா. தென்னை. அந்த ‘நுசி’ அங்கே உட்கார்ந்திருக்கிறது! ‘ஃபெர்’ என்றால் சுமப்பது. கொட்டை சுமப்பது தென்னை. எண்ணெய் சுமப்பது முருங்கை, மொரிங்கா ஒலிஃபெரா. விசிறி சுமப்பது பனை, பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர். மாங்காய் சுமப்பது மாஞ்சிஃபெரா. அதில் ‘மாங்கா’ நம்மூர்ச் சொல், போர்த்துகீசியர் வாய்வழியாகப் போனது. இத்தனை ஆண்டுகளாகச் சாமிக்கு மந்திரம் சொல்வதுபோல் சொல்லிவந்த பெயர்கள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் போலும்.

தமிழ் கைகொடுத்த சிறிய இடங்கள் இன்னும் பல உண்டு. ‘மிஹி எஸ்த் லிபெர்’ என்பதை ஆங்கில நூல் ஒரு விந்தையாக, உடைமையைக் காட்டும் சிறப்புப் பயன்பாடு என்று தனித்தலைப்பிட்டு விளக்கியிருந்தது. சொல்லுக்குச் சொல் ‘எனக்கு இருக்கிறது புத்தகம்’. இதில் நமக்கு என்ன விந்தை? ‘மிஹி ப்லசெத்’, எனக்குப் பிடிக்கிறது. திருப்பலியில் குரு சொல்லும் ‘தொமினுஸ் வோபீஸ்கும்’ என்பதில் ‘கும்’ என்றால் ‘ஓடு’. மற்ற இடங்களில் முன்னால் நிற்கும் அந்தச் சொல், தன்மை முன்னிலைப் பெயர்களோடு வரும்போது நம் உருபைப் போலவே பின்னால் ஒட்டிக்கொள்கிறது: ‘வோபீஸ்–கும்’, உங்கள்–ஓடு. ரோமானிய அரசுச் சின்னங்களில் காணும் ‘செனாத்துஸ் பொபுலுஸ்க்வெ’ (செனட் சபையும் மக்களும்) என்பதில் ‘க்வெ’ நம்முடைய உம்மை. ‘வெனீஸ்’ என்றால் வருகிறாய். ‘வெனீஸ்னெ’ என்றால் வருகிறாயா. ஒரு சொல்லின் வாலில் வினாவை ஒட்ட லத்தீனுக்கும் தெரியும் என்று கண்டபோது, நெடுநாள் பிரிந்திருந்த உறவினரைச் சந்தையில் பார்த்ததுபோல இருந்தது. உறவு ஏதும் இல்லை. இரண்டும் வெவ்வேறு குடும்பத்து மொழிகள். இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது உடனே லத்தீன் தமிழிலிருந்து பிறந்தது என்று எழுதிவிடுவார்கள்.

தமிழ் காலை வாரிவிட்ட இடம் பால்.

நமக்குத் திணை பொருளைப் பார்த்து அமைகிறது. மேசை அஃறிணை, அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. லத்தீனில் மேசை பெண்பால், தோட்டம் ஆண்பால், போர் ஆணுமல்லாத பெண்ணுமல்லாத நடுப்பால். பெயரை விவரிக்கும் அடைச்சொல் அந்தப் பாலையே தானும் சூடிக்கொள்ள வேண்டும். நாம் ‘நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம்’ என்று ஒரே ‘நல்ல’வை வைத்துக்கொண்டு பிழைக்கிறோம், பால் காட்டும் வேலையை வினைமுற்றிடம் கொடுத்து, வந்தான், வந்தாள், வந்தது என்கிறோம். லத்தீனில் ‘வேனித்’ மூவருக்கும் பொது. பால் காட்டும் வேலை அடைச்சொல்லின் தலையில். எனக்கு மாதக்கணக்கில் இந்த அடைச்சொற்கள் ஒட்டவே இல்லை. பெரிய மரம் என்பதற்கு ‘மாஞ்ஞுஸ் அர்பொர்’ என்று எழுதினேன். (லத்தீனின் இந்த ஒலிக்கூட்டைத் திருச்சபை உச்சரிப்பில் ஞகரமாகத்தான் சொல்லுவார்கள், எழுதுவதற்குத் தமிழில் எழுத்து தயாராக இருக்கிறது.) ஐயா நோட்டை மூடிவிட்டு, எங்களுக்கு மேலே கிளை விரித்திருந்த மாமரத்தைக் கைகாட்டி, “அது பொம்பளை” என்றார். லத்தீனில் மரங்கள் பெரும்பாலும் பெண்பால். ஈறு ஆண்பாலைப் போல ‘உஸ்’ என்று முடிந்தாலும் பெண்பாலே. ஆகவே ‘மாஞ்ஞ அர்பொர்’. மறுபுறம், உழவன் என்பதற்கான ‘அக்ரிகொல’ பெண்பால் போல முடிந்தாலும் ஆண்பால். நல்ல உழவன் ‘அக்ரிகொல பொனுஸ்’.

அது பங்குனி மாதம். திண்ணையின் மறுமுனையில் அவர் மனைவியும் இரண்டு பெண்களும் புளியைத் தட்டி ஓடும் கொட்டையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். “இந்தப் புளிக்கும் அதுல பேர் இருக்குதா?” என்று அம்மா கேட்டார். டேமரிண்டஸ் இண்டிகா என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது: ‘உஸ்’ என்று முடிந்த பெயருக்கு ‘இண்டிகா’ என்ற பெண்பால் அடை. மரம் என்பதால் பெண்பால்! டேமரிண்டஸ் என்பது ‘இந்தியப் பேரீச்சை’ என்ற அரபுத் தொடரிலிருந்து வந்தது. அதனோடு இண்டிகாவும் சேர்ந்தால் ‘இந்திய இந்தியப் பேரீச்சை’ என்றாகும் என்று விளக்கினேன். “புளி எங்க, பேரீச்சை எங்க” என்று அம்மா கொட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார். சந்தனம் சாண்டலம் ஆல்பம், நடுப்பால். பனை மட்டும் ‘ஃபிளாபெல்லிஃபர்’ என்று ஆண்பாலில் முரண்டுகிறதே என்று ஐயாவிடம் கேட்டேன். அந்தப் பெயர் கிரேக்கத்திலிருந்து எடுத்தது, பாலும் கூடவே வந்திருக்கும் என்றார். வேடிக்கை என்னவென்றால், நிஜத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்று நிற்பது இந்த மூவரில் பனை ஒன்றே. நுங்கு காய்க்கும் மரத்தையும் லத்தீன் ஆணென்றே அழைக்கிறது.

அந்த மாணவியின் கேள்விக்கு விடை இதுதான். ‘சட்டைவஸ்’ என்றால் விதைத்துப் பயிரிடப்பட்டது. நெல்லின் பேரினப் பெயர் பெண்பால் என்பதால் சட்டைவா. பட்டாணியினுடையது நடுப்பால் என்பதால் சட்டைவம். முள்ளங்கியினுடையது ஆண்பால் என்பதால் சட்டைவஸ். நாலு வரியில் சொல்லிவிடலாம். விடை எனக்குத் தெரிந்தபோது அவள் பள்ளியை முடித்துப் போய்விட்டிருந்தாள்.

வாக்கியங்கள் நீண்டபோது மறுபடியும் தமிழ் வந்து நின்றது. லத்தீனில் ஒரு பெயரையும் ஒரு எச்சத்தையும் அப்லாத்தீவுஸில் சேர்த்து, முதன்மை வாக்கியத்தோடு ஒட்டாமல் முன்னால் நிறுத்தும் ஓர் அமைப்பு உண்டு. ஆங்கில வழியில் படிப்பவர்கள் இதைக் கண்டு அஞ்சுவார்கள். ஐயா எழுதிக் காட்டினார்: ‘சோலெ ஒச்சிதெந்தெ வேனித்’. சூரியன், மறைகையில், வந்தான். “ஞாயிறு பட வந்தான்” என்று கீழே தமிழில் எழுதினார். அது தொல்காப்பிய உரைகளில் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சத்துக்குக் காட்டப்படும் பழைய எடுத்துக்காட்டு. படுவது ஞாயிறு, வந்தவன் வேறொருவன். எச்சம் தன் எழுவாயோடு தனியே நிற்கிறது. நாங்கள் இருவரும் சிறிது நேரம் அந்த இரண்டு வரிகளையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு பெயரோடு துணைவாக்கியத்தை இணைக்கும் ‘எவன், எவள்’ போன்ற இணைப்புப் பெயரில் அப்படி நடக்கவில்லை. ‘நான் கண்ட பெண்’ என்று பெயரெச்சத்தில் முடித்துவிடுகிற நமக்கு, ‘புவெல்ல க்வம் வீதீ’ என்பதில் நடுவே நிற்கும் ‘க்வம்’ ஏன் இரண்டாம் வேற்றுமையில் வருகிறது என்பது பிடிபடாது. பெண்தான் எழுவாயாயிற்றே என்று தோன்றும். ஐயா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு பெயரெச்சத்தையும் ‘எவன்–அவன்’ என்று உடைத்துச் சொல்ல வேண்டும்: எவளைக் கண்டேனோ அவள். ‘எவளை’ என்று வாய் சொல்லும்போதே வேற்றுமை தெரிந்துவிடுகிறது. இப்படி நூறு வாக்கியங்களை உடைத்தேன். தமிழில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஆனால் லத்தீன் பிழையில்லாமல் வந்தது.

இதற்கு அவர் கொடுத்த கடைசி எடுத்துக்காட்டு சிறுவயதில் பொருள் தெரியாமல் சொன்ன ஒரு வரி: ‘ஆஞ்ஞுஸ் தெயீ, க்வீ தொல்லிஸ் பெக்காத்த முந்தீ.’ தமிழ் வழிபாட்டில் ‘உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே’. ‘தொல்லிஸ்’ முன்னிலை வினை, ‘போக்குகிறாய்’. லத்தீனில் அந்த இணைப்பு வாக்கியத்துக்குள்ளும் ஆட்டுக்குட்டியை நேருக்கு நேர் நீ என்று அழைக்கிறார்கள். நம் ‘போக்கும்’ என்னும் பெயரெச்சத்தில் தன்மையும் இல்லை, முன்னிலையும் இல்லை. அதற்கு ஈடாகத் தமிழில் விளி ‘செம்மறியே’ என்று ஏகாரம் பெற்று உருகுகிறது. லத்தீனில் ‘ஆஞ்ஞெ’ என்று ஆகவேண்டிய விளி மாறாமல் ‘ஆஞ்ஞுஸ்’ என்றே நிற்கிறது, நம் இயல்பு விளியைப் போல. “ஏழு வயசுல இருந்து சொல்றேன். ‘தொல்லிஸ்’ முன்னிலைன்னு தெரியறதுக்குப் பதினாறு வயசாச்சு” என்றார். அவர் அந்த வரியைப் பாடியும் காட்டினார். குரல் நடுங்கினாலும் நெடில் எதுவும் குறுகவில்லை.

எங்களுக்குள் சண்டையும் உண்டு. அவருடையது இத்தாலியச் சாயல் கொண்ட திருச்சபை உச்சரிப்பு. சிசரோவைச் சிசரோ என்பார். சிசரோவின் காலத்தில் அது ‘கிகெரோ’ என்று ஒலித்திருக்க வேண்டும் என்று நான் படித்ததைச் சொன்னபோது, “நீங்க நேர்ல கேட்டீங்களா?” என்றார். ‘மிஹி’யை அவர் ‘மிக்கி’ என்பதை நான் கடைசிவரை ஏற்கவில்லை. மனப்பாடத்தில் அவர் காட்டும் கண்டிப்பும் இந்த வயதில் எனக்குக் கடினமாகவே இருந்தது; ஒருமுறை ஐந்து வாய்பாடுகளையும் ஒப்பிக்கச் சொல்லி, நான்காவதில் நான் நின்றபோது, மறுபேச்சின்றி வீட்டுக்கு அனுப்பினார். ஆனால் என் பிழையைப் பார்த்த மாத்திரத்தில், அதைத் தமிழில் செய்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றிவிடும். நூலுக்கும் இணைய வகுப்புக்கும் அது வராது. நான் தவறு என்பதை மட்டும் அவை சொல்லின.

தாவரவியலுக்குத் தேவையான லத்தீன் உண்மையில் சிறியது. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வெளியிட்ட ஸ்பீசிஸ் பிளான்டாரம் நூலில் வினைச்சொற்கள் அரிது. ‘ஃபொலியீஸ் ஓவாதீஸ்’ என்பதுபோல, முட்டை வடிவ இலைகளோடு, இன்ன தண்டோடு, இன்ன பூவோடு என்று அப்லாத்தீவுஸ்களின் அணிவகுப்பாகப் பக்கங்கள் போகும். நூலின் தலைப்பிலுள்ள ‘பிளான்டாரம்’ கூட ‘தாவரங்களினுடைய’ என்பதுதான். ‘கள்’ளையும் ‘உடைய’வையும் சேர்த்து இடித்து ஒன்றாக்கிய ஈறு. 1935 முதல் 2011 முடியப் புதிய தாவரம் ஒன்றை வெளியிடுபவர் அதன் விளக்கத்தை லத்தீனில் எழுதியாக வேண்டும் என்ற விதி இருந்தது. 2012-இலிருந்து ஆங்கிலத்திலும் எழுதலாம். பெயர் மட்டும் இன்றும் லத்தீன் வடிவிலேயே இருக்க வேண்டும். மொழிக்கு வேலை போன கதையை ஐயாவுக்குப் பிறகு நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

ஒரு பழைய தவற்றையும் எழுதிவிடுகிறேன். தேற்றா மரத்துக்கு ஸ்ட்ரிக்னாஸ் பொட்டட்டோரம் என்று பெயர். அதன் கொட்டை உருளைக்கிழங்கு போல உருண்டையாக இருப்பதால் அப்படிப் பெயர் வந்தது என்று, யாரும் கேட்காமலே, பல ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஐயாவிடம் அந்தப் பெயரைக் காட்டியபோது ‘ஓரும்’ என்ற ஈற்றைப் பிரிக்கத் தொடங்கினேன். “அவசரப்படாதீங்க, மரமை” என்றார். இப்போதெல்லாம் என் பிழைகளுக்கு அதுதான் பெயர். அடி ‘போத்தாத்தோர்’, குடிப்பவர்; ஈறு வெறும் ‘உம்’. குடிப்பவர்களுடைய மரம். ஏரித் தண்ணீர் கலங்கலாக வந்த நாட்களில் தன் அம்மா பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு நீர் ஊற்றித் தெளியவைத்ததை அவர் சொன்னார். கொட்டை இத்தனைப் பெரியது என்று விரலால் காட்டினார். மறுநாள் வகுப்பில் என் பழைய விளக்கம் தவறு என்று அறிவித்தேன். பழைய மாணவர்கள் எத்தனை பேருக்கு உருளைக்கிழங்கைக் கொடுத்து அனுப்பினேனோ, கணக்கில்லை.

இப்போது வினையில் இருக்கிறோம். ‘ஃபீயத் லூக்ஸ்’, ஒளி உண்டாகுக. ‘ரெக்வியேஸ்கத்’, இளைப்பாறுக. வியங்கோள் என்று சொன்னதும் அவை வசப்பட்டன. ஆனால் அதே வினை வடிவம் ‘உத்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நோக்கமாக, விளைவாக, வேண்டுகோளாக வருகிறபோது வியங்கோள் உதவவில்லை. ‘வரும்படி’, ‘வருமாறு’, ‘வர வேண்டுமென்று’ என்று மூன்று தமிழை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கிறேன். ஐயாவுக்கு ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்து, படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எனவே நான் வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். வருகிற சனிக்கிழமைக்கு ‘உத்’ வைத்துப் பத்து வாக்கியங்கள் எழுதிக்கொண்டு போக வேண்டும். நான்கு எழுதியிருக்கிறேன். மூன்றாவது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது.